கேமராவுக்கு விளக்கு மட்டும்தான் தெரியும்

புது கார் டெலிவரி எடுக்கிற அன்று ஷோரூம்காரர்கள் காட்டும் வித்தைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சன்ரூஃப். அடுத்து, போனை இணைத்துப் பாட்டுப் போடுவது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பப் போகிற நேரத்தில், போகிற போக்கில் லைட் லீவரைத் தொட்டுக் காட்டி, "ஹை பீம் ஆட்டோ சார். எதிர்ல வண்டி வந்தா தானா டிம் ஆகும், போனதும் தானா பிரைட் ஆகும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்பார்கள்.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் தகராறு. வசதியோடு இல்லை. ராத்திரி நெடுந்தூரம் ஓட்டுகிறவன் நான். இந்த வசதி இல்லாத காரைக் கொடுத்து மதுரையிலிருந்து சென்னை வரை ஓட்டிக்கொண்டு போ என்றால் கொஞ்சம் முனகத்தான் செய்வேன். ஆனால் அது எதைப் பார்த்து முடிவெடுக்கிறது, எதைப் பார்ப்பதே இல்லை என்று தெரியாமல் அதன் பொறுப்பில் சாலையை விட்டுவிட முடியாது. நம் ஊர்ச் சாலையை நிச்சயமாக முடியாது.

விஷயம் ரொம்ப எளிது. முன் கண்ணாடியில், ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், சாலையைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. இருட்டில் அது தேடுவது வெளிச்சப் புள்ளிகளை. ஜோடியாக வெள்ளைப் புள்ளி நெருங்கி வந்தால் எதிரே வண்டி. சிவப்புப் புள்ளி தெரிந்தால் நமக்கு முன்னால் போகிற வண்டி. மேலே வரிசையாக நிற்பவை தெருவிளக்கு, அப்படியென்றால் ஊருக்குள் இருக்கிறோம். இதில் எது தெரிந்தாலும் டிம், அதாவது கிட்டத்தை மட்டும் காட்டும் லோ பீம். எதுவும் தெரியாமல், வெளியே இருட்டாகவும், வண்டி குறிப்பிட்ட வேகத்துக்கு மேலும் இருந்தால் பிரைட், அதாவது தூரம்வரை அடிக்கும் ஹை பீம். அந்த வேகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டருக்குள் இருக்கும். வேகம் குறைந்தால் தானாகவே டிம்முக்கு வந்துவிடும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1952-லேயே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஆட்ரானிக் ஐ' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களின் டாஷ்போர்டு மேல் ஒளியை உணரும் குழாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். எதிர் வெளிச்சம் அதன்மேல் பட்டால் ஹெட்லைட் தாழும். நம் ஊரில் நடுத்தர விலைக் கார்களுக்கு இது வந்தது 2021 வாக்கில், ஏடாஸ் என்று சொல்கிற ஓட்டுநர் உதவி வசதிகளோடு சேர்ந்து. எம்ஜி ஆஸ்டர், மகிந்திரா எக்ஸ்யூவி 700 என்று தொடங்கி, இன்று ஹோண்டா எலிவேட், இன்னோவா ஹைகிராஸ், கிரெட்டா என்று பலவற்றின் மேல் வேரியன்ட்களில் இருக்கிறது. குழாய் போய்க் கேமரா வந்திருக்கிறது, கணக்குப் போடும் சிப் வந்திருக்கிறது. ஆனால் அன்றும் இன்றும் அது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எதிரே விளக்கு இருக்கிறதா, இல்லையா?

விளக்கு இல்லாத ஆள் அந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் காரைக்குடிப் பக்கமிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லுக்கு ராத்திரியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை ஓரமாக நடந்துகொண்டே இருப்பார்கள். வெயிலுக்குப் பயந்து பலர் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் நடப்பது. முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், சிலர் கையில் டார்ச் இருக்கும். நிறையப் பேரிடம் ஒன்றும் இருக்காது. கேமராவைப் பொறுத்தவரை அது காலிச் சாலை. அதனால் ஹை பீம் முழுதாக எரியும்.

நம்மைப் பார்த்து நடந்து வருகிறவர் என்ன செய்கிறார் என்று அடுத்த முறை கவனியுங்கள். முழங்கையை மடக்கிக் கண்ணுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். வெறுங்காலோடு நடக்கிறவர், அடுத்த அடியில் ஜல்லி கிடக்கிறதா, தார் முடிந்து மண் பள்ளமாக இறங்குகிறதா என்று அவருக்குத் தெரியாது. கார் தாண்டிப் போன பிறகும் சில விநாடி அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். கண்புரை ஆரம்பித்திருந்தால் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி மொத்தமும் வெள்ளையாகிவிடும். பின்னால் அடுத்த கார் வரும். அதுவும் ஆட்டோ.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த மனிதரை நான் தூரத்திலேயே பார்த்தது ஹை பீம் இருந்ததால்தான். லோ பீமில் போயிருந்தால் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்திருப்பார். ஆக, ஹை பீம் வேண்டாம் என்பது இதற்குப் பதில் அல்ல. ஹை பீமில் ஆளைப் பார்த்தாயிற்று என்றால் அதன் வேலை முடிந்தது. லீவரைத் தட்டி டிம் செய்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் விலகிக் கடக்க வேண்டும். பார்ப்பது வரைக்கும் இயந்திரம் உதவும். பார்த்த பிறகு செய்ய வேண்டியதை நாம்தான் செய்ய வேண்டும். சைக்கிள்காரர், ஆடு மாடு ஓட்டி வருகிறவர், டெயில் லைட் பியூஸ் போன மொபெட்டில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர், எல்லாருக்கும் இதே கதைதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. காரோடு வருகிற கையேட்டிலேயே, வெளிச்சம் இல்லாத சைக்கிள்காரர்களையும் நடப்பவர்களையும் இந்த வசதி உணராமல் போகலாம் என்று எழுதியிருக்கும். கையேடு பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டாஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும்.

நான்கு வழிச் சாலையில் நடக்கிறவர் குறைவு, அங்கேயாவது நிம்மதியாக ஆட்டோவில் விடலாம் அல்லவா என்று நானும் நினைத்திருந்தேன். என் சித்தப்பா ஒருவர், முதலில் லாரி, அப்புறம் பஸ் என்று வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். டிம்மர் சுவிட்ச் காலடியில், கிளட்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த காலத்து ஆள். எதிரே வண்டி வந்தால் இடது கால் தானாகப் போய் அமுக்கும். இன்றைக்கும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எதிர் வெளிச்சத்துக்கு அவர் கால் லேசாக அசையும். மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில், விராலிமலை தாண்டி, எதிர்ப்பக்கத்தில் வந்த ஒரு லாரி இரண்டு தடவை லைட்டை அடித்துக் காட்டியது.

"அவன் எதுக்கு அடிக்கிறான் தெரியுதா?" என்றார்.

"நடுவுல அரளி இருக்கே சித்தப்பா. நம்ம லைட்டு அந்தப் பக்கம் போகாதே."

"உனக்கும் எனக்கும் அரளி இருக்கு. அவன் அரளிக்கு மேல உட்கார்ந்திருக்கான்டா."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதில் முழுக் கணக்கும் இருக்கிறது. நம் நெடுஞ்சாலை மீடியனில் அரளியும் காகிதப் பூவும் வைத்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்கத்தான் முக்கியமாக வைப்பது. காருக்கும் காருக்கும் நடுவில் அது நன்றாகவே வேலை செய்கிறது. லாரியின் ஹெட்லைட் பம்பர் பக்கத்தில், செடியின் உயரத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் அது செடிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, நம் கேமராவுக்குத் தெரிவதில்லை. ஆனால் லாரி ஓட்டுநரின் கண் செடிக்கு மேலே இருக்கிறது. நம் கார் அவருக்குத் தெரிகிறது, அதன் ஹை பீமும் தெரிகிறது. கேமரா, 'யாரும் இல்லை' என்று நினைத்துக்கொண்டு அவர் கண்ணில் அடித்துக்கொண்டே போகிறது. ஆம்னி பஸ் ஓட்டுநருக்கும் இதேதான். நாற்பது பேரைத் தூங்க வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் அவர். ஐரோப்பியக் கம்பெனிகளின் கையேடுகள் சிலவற்றில் இதையும் பார்த்திருக்கிறேன்: நடுத்தடுப்பைத் தாண்டிப் பார்க்க முடிகிற லாரி ஓட்டுநர்கள் எதிரே வரும்போது கையாலேயே தாழ்த்துங்கள் என்று எழுதியிருக்கும். சித்தப்பா அதைப் படித்ததில்லை.

செடி பட்டுப்போன இடங்களில் இன்னொரு வேடிக்கை. எதிர் வண்டி வெளிச்சம் இடைவெளியில் தெரியும், மறையும், மறுபடி தெரியும். நம் சிஸ்டம் அதற்கேற்ப டிம், பிரைட், டிம் என்று மாறிக்கொண்டிருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கு இது சின்ன எரிச்சல். வெளியே இருக்கிறவருக்கு அது ஒரு செய்தி. நம் சாலைகளில் லைட் அடித்தால், 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். சில நாடுகளில் இதையே 'நீ போ' என்று எடுத்துக்கொள்வார்கள். நம்மிடையேகூட லாரிக்காரர்கள் தங்களுக்குள் 'ஏறி வா' என்று சொல்ல அடிப்பது உண்டு. மீடியன் திறப்பில் யூ டர்ன் எடுக்கக் காத்திருக்கிற மோட்டார் சைக்கிள்காரர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது எனக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது. திறப்பு வருகிறது என்று போர்டு தெரிந்தால் நான் டிம்முக்கு வந்துவிடுகிறேன்.

மேம்பாலம் இன்னொரு இடம். நான்கு வழிச் சாலையில் ஊருக்கு ஊர் பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. பாலத்தின் உச்சிக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறது என்றால், விளக்கு கண்ணில் படுவதற்கு முன்பே வானத்தில் ஒரு வெளுப்பு எழும். ஓட்டிப் பழகிய யாரும் அந்த வெளுப்பைப் பார்த்ததுமே டிம் அடித்துவிடுவார்கள். கேமராவோ விளக்கையே நேராகப் பார்க்கும்வரை காத்திருக்கும். பார்த்த பிறகு, உறுதி செய்துகொள்ள இன்னும் ஒரு கணம். அந்தக் கணத்தில் முழு வெளிச்சமும் எதிராளி கண்ணில் இருக்கும். நடுத்தடுப்பு இல்லாத இரண்டு வழிச் சாலையின் வளைவுகளிலும் இப்படித்தான். புளியமரத்து அடிமரங்கள் மேல் எதிர் வெளிச்சம் ஓடுவது நமக்கு முதலில் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. எதிரெதிரே வரும் இரண்டும் அதே வேகம் என்றால், ஒவ்வொரு விநாடியும் நடுவில் உள்ள தூரம் 44 மீட்டர் குறைகிறது. 'ஒரு கணம்தானே' என்று தள்ளிவிட முடியாத தூரம் அது.

மோட்டார் சைக்கிளுக்கு ஒற்றை விளக்கு. 2017 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்படி சட்டமே வந்துவிட்டது, அது நல்லதாயிற்று. ஆனால் அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் எரிந்து, விட்டால் மங்குகிற மொபெட் விளக்கு, நம் கேமராவுக்குப் பல சமயம் தெருவோர பல்பாகத்தான் தெரியும். சாலையோரமாக வருகிற அந்த ஆளுக்குக் கண்ணாடித் தடுப்பு கிடையாது. கீறல் விழுந்த ஹெல்மெட் முகப்பில் வெளிச்சம் பட்டால் முழுதும் பரவிவிடும். அவருக்கு ஒதுங்க இருக்கும் ஒரே இடம் தாருக்கு வெளியே உள்ள மண்தான். இரண்டு வழிச் சாலையில் ஒற்றைப் புள்ளி எதுவாக இருந்தாலும் ஆள் என்றே வைத்துக்கொள்கிறேன். வெறும் பல்பாக இருந்தால் ஒன்றும் நஷ்டமில்லை.

இவ்வளவு குறை சொல்கிறாயே, பேசாமல் எப்போதும் டிம்மிலேயே போய்விடலாமே என்று கேட்பீர்கள். அதுவும் சரிவராது. சாதாரணக் காரின் லோ பீமில் சாலை உருப்படியாகத் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர். நல்ல எல்ஈடியாக இருந்தால் கொஞ்சம் கூட. இப்போது நிறுத்தும் தூரத்தைக் கணக்குப் போடுவோம். எதையோ பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி. காய்ந்த தாரில் நல்ல பிரேக். 60-ல் போனால் நிற்க 45 மீட்டர் ஆகும். 80-ல் 70 மீட்டர். 100-ல் கிட்டத்தட்ட 100 மீட்டர். அதாவது 80-க்கு மேல் லோ பீமில் போகிறவர், தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போகிறார். பிரேக்டவுன் ஆகி நிற்கும் லாரிக்குப் பின்னால் மரக்கிளை ஒடித்துப் போட்டு, நாலு கல் வைத்திருப்பார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லருக்கு டெயில் லைட்டே இருக்காது. இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க ஹை பீம் வேண்டும். அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம் 2016-லிருந்து கார்களின் ஹெட்லைட்டுகளுக்கு மதிப்பெண் போடுகிறது. அதில் தானியங்கி ஹை பீம் இருந்தால் கூடுதல் மதிப்பு உண்டு. அங்கே பிரச்சினை, மக்கள் ஹை பீமைப் போடுவதே இல்லை என்பது. நம் ஊரில் எடுப்பதே இல்லை என்பது. ஒரே கருவி இரண்டு நோய்க்கும் மருந்தாகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். வாங்கிய நாள் முதல் பிரைட்டிலேயே ஓட்டுகிற ஒருவர் இதை ஆட்டோவில் போட்டுவிட்டாலே எதிரே வருகிற கார்க்காரர்களுக்குப் புண்ணியம்.

சரி, நான் எப்படிப் பயன்படுத்துகிறேன்? முதல் வேலை, டாஷ்போர்டில் இரண்டு அடையாளங்களைப் பிரித்துத் தெரிந்துகொண்டது. ஹெட்லைட் படத்தோடு 'ஏ' எழுத்து அல்லது 'ஆட்டோ' என்று எரிந்தால், சிஸ்டம் காவலில் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். நீல நிற விளக்கு எரிந்தால்தான் ஹை பீம் உண்மையில் மேலே அடித்துக்கொண்டிருக்கிறது. நிறையப் பேர் முதலாவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நீலத்தை. எதிரே ஏதோ தெரிந்தும் நீலம் அணையவில்லையென்றால் லீவருக்குக் கை போக வேண்டும். லீவரைத் தட்டினால் ஆட்டோ விலகி நம் கைக்கு வரும். எந்தப் பக்கம் தட்டினால் என்ன ஆகும், திரும்ப ஆட்டோவுக்குப் போவது எப்படி என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறுகிறது. அதை ஆளில்லாத சாலையில் ஒருமுறை பழகிவிட்டால் கை அதுவாகச் செய்யும், சித்தப்பாவின் கால் மாதிரி.

ஊருக்குள் நுழையும் முன்பே நான் ஆட்டோவை எடுத்துவிடுகிறேன். நகரத்தில் அது தானாக அணைந்துவிடும், சரி. பிரச்சினை சின்ன ஊர்களில். பஸ் ஸ்டாப்பில் ஒரு டியூப் லைட், டீக்கடையில் ஒரு பல்பு, நடுவில் எல்லாம் இருட்டு. கேமராவுக்கு அது ஊர் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஊர்தான்.

மலைப்பாதையில் ஆட்டோவே வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கேமரா பாதி நேரம் பார்ப்பது பாறையைத்தான். வேகம் குறைந்ததும் சிஸ்டம் கழன்றுகொள்ளும், கூடினதும் ஒட்டிக்கொள்ளும், எப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது. மலையில் வெளிச்சம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, 'வருகிறேன்' என்று சொல்வதற்கும்தான். வளைவுக்கு முன் ஒருமுறை அடித்துக் காட்டுவது, எதிரே வெளிச்சம் தெரிந்தால் தாழ்த்துவது, ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது எல்லாம் கையால் செய்கிற பேச்சு.

மழையிலும் பனியிலும் ஹை பீமே கூடாது, ஆட்டோவானாலும் கையானாலும். மார்கழியில் விடியற்காலை கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போனால் சில இடங்களில் ஹை பீம் போட்டதும் முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும். பனித்துளி மேல் பட்ட வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்புகிறது. அப்போது தாழ்ந்த வெளிச்சம்தான் சாலையைக் காட்டும். கனமழையில் கேமராவுக்கும் ஒன்றும் சரியாகத் தெரியாது. எதிர் விளக்கு கண்ணாடியில் கலங்கிப் பரவுகிறபோது அது தப்பாகக் கணக்குப் போட வாய்ப்பு அதிகம்.

கண்ணாடி என்றதும் இன்னொன்று. அந்தக் கேமராவின் கண் நம் முன் கண்ணாடிதான். ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கொஞ்சம் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் எல்லாவற்றையும் ஒட்டுவது அங்கேதான். ஃபாஸ்டாகை ஒட்டச் சொல்லும் இடமும் அதுவே. கேமராவின் பார்வைக்குள் வராமல் தள்ளி ஒட்டச் சொல்ல வேண்டும். சாமி ஸ்டிக்கர், தொங்குகிற பொம்மை, எலுமிச்சை மிளகாய் எல்லாவற்றையும் கேமராவுக்கு வழிவிட்டு வைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் ஈசல் கூட்டத்துக்குள் புகுந்து வந்தால் கண்ணாடி முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடும். காய்ந்துபோன வைப்பர் அதை இழுத்துத் தேய்த்தால் ஒவ்வொரு எதிர் விளக்கும் ஒரு நீண்ட கோடாகத் தெரியும், நமக்கும் கேமராவுக்கும். டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். கல் தெறித்துக் கண்ணாடி மாற்ற நேர்ந்தால், கேமராவை மறுபடி சரிபார்த்து அமைத்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். வெளிக்கடையில் கண்ணாடியை மட்டும் மலிவாக மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கேமரா கொஞ்சம் கோணலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது, இந்தக் கட்டுரையில் யாராவது ஒன்றே ஒன்றை மட்டும் செய்யப்போகிறார்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும் என்று நான் நினைக்கிற விஷயம். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம், 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கும். ஹெட்லைட்டின் உயரத்தை மாற்றுவது அது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊருக்குப் போகிற மூட்டை, அரிசி, தேங்காய் என்று ஏற்றினால் காரின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும். மூக்கோடு சேர்ந்து ஹெட்லைட்டும் தூக்கும். அப்போது நம் சிஸ்டம் கடமை தவறாமல் டிம்முக்கு மாறினாலும், எதிராளிக்கு அந்த டிம்மே பிரைட்தான். அவர் அடித்துக் காட்டுவார். 'டிம்மில்தானே இருக்கிறேன், கண் தெரியவில்லையா?' என்று நாம் திட்டுவோம். ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0, ஆளும் சுமையும் ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும். எண் கூடக் கூட வெளிச்சம் தாழும். சில கார்களில் தானாகவே சரிசெய்துகொள்ளும், அங்கே சக்கரம் இருக்காது.

சந்தேகம் இருந்தால் ஒரு சுவர் போதும். சமதரையில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி லோ பீமைப் போட்டு நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு மேல் விளிம்பில் வெட்டினாற்போல ஒரு கோடு தெரியும்; நம் ஊர்க் கார்களில் அது இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும், சாலையோரம் தெரிவதற்காக. அந்தக் கோடு ஹெட்லைட்டின் மையத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் போலத் தாழ்ந்து விழ வேண்டும். ஹெட்லைட் உயரத்துக்கு மேலே விழுந்தால், ஆட்டோ என்ன மேனுவல் என்ன, நாம் போகிற வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறோம். வெளிக்கடையில் 'ஒயிட் லைட்' என்று மாற்றிய பல்புகளில் இந்தக் கோடே இருக்காது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு ஆட்டோ டிம் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

ஹெட்லைட்டின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காலம் நினைவிருக்கிறதா? போலீஸ்காரர்களே வண்டியை நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். கண் கூசாமல் இருக்க நம் ஊரில் கண்டுபிடித்த மலிவான வழி. அதற்குப் பின்னால் இருந்தது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 106-ஆவது விதி போடுகிற நிபந்தனை. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற எந்த நபருக்கும் கூசக் கூடாது. அல்லது அப்படிக் கூசாதபடி ஓட்டுநரால் தாழ்த்த முடிய வேண்டும். 'எந்த நபருக்கும்' என்றுதான் இருக்கிறது, எதிரே வரும் ஓட்டுநருக்கு என்று இல்லை. ஒன்றரை மீட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் கண் உயரம். விதி எழுதியவர்கள் மனதில் நடப்பவரும் இருந்திருக்கிறார். கேமராவுக்கு மென்பொருள் எழுதியவர்கள் மனதில் வண்டிகள் மட்டும்.

விலை உயர்ந்த கார்களில் இப்போது மேட்ரிக்ஸ் விளக்கு வருகிறது. 2013-ல் ஆடி ஏ8-ல் வந்தது. நிறையச் சின்னச் சின்ன எல்ஈடிகள்; எதிர் வண்டி இருக்கிற இடத்தில் மட்டும் வெளிச்சத்தை வெட்டிவிட்டு, மற்ற இடமெல்லாம் ஹை பீம். இந்த வகை விளக்கை அமெரிக்கா 2022-ல்தான் அனுமதித்தது. ஓட்டுகிறவருக்கு அற்புதம். ஆனால் அது வெட்டுவதும் விளக்கு உள்ள இடத்தைத்தான். எதிர்க் காரைச் சுற்றி நிழல் வெட்டிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நடப்பவர் முகத்தில் முழு வெளிச்சத்தையும் வைக்கும்.

எதிரே வருகிறவன் டிம் அடிக்காவிட்டால் என்ன செய்வது என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். ஒருமுறை அடித்துக் காட்டலாம். கேட்காவிட்டால், பதிலுக்கு நாமும் பிரைட் போட்டுப் பழிவாங்குவது நம் சாலைகளின் பழைய வழக்கம். அதன் பலன், கண் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே வருவது. ஆட்டோ ஹை பீமுக்கு ரோஷம் கிடையாது என்பது அதன் பெரிய நல்ல குணம். அவன் எடுக்காவிட்டாலும் அது எடுத்துவிடும். நமக்கு மிச்சம், பார்வையை இடப்பக்க வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து வேகத்தைக் குறைப்பதுதான். அந்த வண்டி தாண்டியதும் உடனே மிதிக்கக் கூடாது. கேமரா மறுபடி பிரைட்டுக்குப் போக ஓரிரு விநாடி எடுத்துக்கொள்ளும். லாரி போனதும் அதன் பின்னாலிருந்து சாலையைக் கடக்கிறவர் வருவது அந்த ஓரிரு விநாடியில்தான்.

டாப் வேரியன்ட் எடுத்தால் ஆட்டோ ஹை பீம் வரும் என்கிறார்கள், எடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். தானாகப் பிரேக் பிடிக்கிற வசதிக்காக எடுங்கள். பெரும்பாலான கார்களில் அதே கேமராதான் இரண்டுக்கும், இது கூடவே வரும். டெலிவரி அன்று சன்ரூஃபை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, ஆட்டோவை அணைப்பது எப்படி, ஹெட்லைட் உயரத்தை மாற்றும் சக்கரம் எங்கே இருக்கிறது, இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து அந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டியதுதான்.